மேசை நீளத்தில் ஓர் ஆலை சைடிங்: மாதிரி ரயில் தளம் கட்டுவதும் எஞ்சினுக்கு வண்ணம் மாற்றுவதும்

மாதிரி ரயில் தளம் கட்டுவது பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பவருக்காக எழுதப்பட்டவை. பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவை சொல்லும் பொருளில் பாதி நம் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. சுங்க வரி, மழைக்கால ஈரம், இங்கே கிடைக்கும் ஒட்டுப்பலகை பற்றியெல்லாம் அவற்றில் ஒரு வரிகூட இருக்காது. சென்னையில் ஒரு தளத்தைக் கட்டி முடிப்பதற்குள் நான் பட்ட பாட்டை இன்னொருவர் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாம் கட்டப்போவது 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள ஒரே பலகை. அதில் ஒரு சின்ன ஷண்டிங் எஞ்சின் (வேகன்களை இழுத்துத் தள்ளி வரிசைப்படுத்துவது), எட்டு வேகன், இரண்டு பாயிண்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்). கற்பனையான ஒரு சிமெண்ட் ஆலையின் சைடிங், அதாவது வேகன்கள் நிற்கும் கிளைப் பாதை, என்று வைத்துக்கொள்வோம். தாழையூத்து, மதுக்கரை, டால்மியாபுரம் பக்கம் ரயிலில் போனவர்களுக்கு அந்தச் சாம்பல் பூத்த கூரைகள் நினைவில் இருக்கும்.

வேலையின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் ரயில் ஓட வேண்டும். வண்ணம் அப்புறம், மண்ணும் மரமும் கடைசியில். சரியாக ஓடாத எஞ்சினுக்கு எவ்வளவு அழகாக வண்ணம் அடித்தாலும் அது அலமாரிப் பொம்மைதான்.

1. அளவை முடிவு செய்யுங்கள்

சந்தையில் அதிகம் கிடைப்பவை மூன்று அளவுகள். எச்ஓ என்பது 1:87, ஓஓ என்பது 1:76, என் என்பது 1:160. முதல் இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். என் அளவின் தண்டவாளம் 9 மி.மீ.; கையும் கண்ணும் பழகாதவருக்கு அதில் வண்ண வேலை கஷ்டம்.

இந்தத் தளத்துக்கு நான் சொல்வது ஓஓ. காரணம், பிரிட்டிஷ் ஆலைகளில் ஓடிய நான்கு சக்கர, ஆறு சக்கரக் குட்டி எஞ்சின்களும் பழைய நான்கு சக்கர வேகன்களும் இந்த அளவில் தாராளமாகக் கிடைக்கின்றன. கொக்கியோடு சேர்த்து ஒரு வேகன் சுமார் 9 செ.மீ. தான் வரும். நம் ஊர் பாக்ஸ்-என் நிலக்கரி வேகன் உண்மையில் 10.7 மீட்டர், எச்ஓவில் அது 12 செ.மீ.க்கு மேல். சிமெண்ட் மூட்டை ஏற்றும் மூடிய போகி வேகன் அதைவிடவும் நீளம். அவற்றை வைத்தால் 120 செ.மீ. பலகை போதாது.

நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 1:87க்குச் சுருக்கினால் 19.3 மி.மீ. வரும். அந்த அகலத்தில் கடைத் தண்டவாளம் கிடையாது. முதல் தளத்திலேயே இதற்காகத் தண்டவாளத்தைக் கையால் செய்யப் புறப்படாதீர்கள். ஆலை கற்பனை, எஞ்சின் ஆலையின் சொந்த எஞ்சின். கேட்பவரிடம் அப்படியே சொல்லலாம்.

கவனிக்கவேண்டிய ஒன்று: தண்டவாளம் ஒன்றுதானே என்று எச்ஓ எஞ்சினை ஓஓ வேகனோடு கோக்காதீர்கள். உயர வித்தியாசம் முதல் பார்வையிலேயே கண்ணை உறுத்தும்.

2. திட்டத்தைக் காகிதத்தில் போடுங்கள்

ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த இங்கிள்நூக் அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சைடிங். நீளமானதில் ஐந்து வேகன், மற்ற இரண்டிலும் மும்மூன்று வேகன் நிற்கும். எஞ்சின் முன்னும் பின்னும் போய்வர ஒரு கழுத்துப் பாதை. அதில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே அடங்கும். எட்டு வேகனுக்கும் சீட்டு எழுதி, குலுக்கி ஐந்தை எடுத்து, அதே வரிசையில் நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். இதுதான் ஆட்டம். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுக்க 6720 வழி இருப்பதால் சலிக்காது.

அளவு இப்படி வரும். எஞ்சின் 12 செ.மீ., மூன்று வேகன் 27 செ.மீ.; ஆகக் கழுத்துப் பாதை 39. பெக்கோ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சிறிய பாயிண்ட் ஒன்று 18.5 செ.மீ. முதல் பாயிண்டின் ஒரு கை நேராக ஐந்து வேகன் சைடிங்குக்குப் போகிறது. மறு கையில் இரண்டாவது பாயிண்ட், அதிலிருந்து இரண்டு குட்டி சைடிங். பாயிண்டைத் தாண்டியதும் சுமார் 9 செ.மீ. காலியாக விடவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பாதை வேகனோடு உரசும். குட்டி சைடிங் வழியாகக் கூட்டினால் 39, 18.5, 18.5, 9, 27 சேர்ந்து 112. நீள சைடிங் வழியாகக் கூட்டினால் 39, 18.5, 9, 45 சேர்ந்து 111.5. இரண்டும் 120க்குள் அடங்கிவிடுகின்றன, முனையில் தடுப்புக் கட்டைக்கும் இடம் கிடைக்கிறது.

பெக்கோ நிறுவனம் தன் பாயிண்டுகளின் முழு அளவு வரைபடத்தை இலவசமாகத் தருகிறது. அதை அச்செடுத்து, வெட்டி, தரையில் ஒட்டிப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் தாளுக்கு ஏற்றபடி சுருக்கும் அமைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அச்சு வந்ததும் அளவுகோலை வைத்து 18.5 செ.மீ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

3. எதை வாங்குவது, எவ்வளவு ஆகும்

வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை: இரண்டு பாயிண்ட், வளையும் தண்டவாளம் மூன்று கெஜம், உலோக இணைப்பான், பிளாஸ்டிக் இணைப்பான், 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர், எஞ்சின், வேகன்கள், டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்டும் திரவம் இரண்டு (மைக்ரோ செட், மைக்ரோ சால்). மற்ற எல்லாம் இங்கேயே கிடைக்கும்.

பாயிண்ட் ஒன்று 15 முதல் 20 பவுண்டு, கன்ட்ரோலர் 50 பவுண்டை ஒட்டி, நல்ல ஆலை எஞ்சின் 100 பவுண்டுக்கு முன்பின், வேகன் 15 முதல் 25 பவுண்டு. இவை ஏறத்தாழ விலைகள்தான். எட்டு வேகனையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். மூன்று போதும், மிச்சத்தைப் பழைய சரக்காக ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வேகன் பழசாக இருந்தால் தவறில்லை, தூசிதானே பூசப்போகிறோம். எஞ்சினைப் பழசாக வாங்கும்போது மட்டும், ஓட்டிப் பார்த்தது என்று விற்பவர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளூரில் பலகைக்கும் சட்டத்துக்கும் 2,000 முதல் 3,000 ரூபாய். ஒயர், ஸ்விட்ச், சால்டரிங் அயர்ன் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஏர்பிரஷும் (காற்றால் வண்ணம் தூவும் பேனா போன்ற கருவி) அதற்குக் காற்று தரும் சின்ன கம்ப்ரஸரும் சேர்ந்து 5,000 முதல் 8,000. வரி, அஞ்சல் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் 50,000 ரூபாயை ஒட்டி வரும் என்று வைத்துக்கொண்டு இறங்குங்கள். இதை ஆறேழு மாதத்தில் பரப்பிச் செலவு செய்யலாம்.

ஒரே தளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறையான டிசிசி வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரு எஞ்சினுக்கு வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல எஞ்சினில் போடுங்கள்.

4. பார்சலும் சுங்கமும்

பலருக்கு ஆசை அடங்கிப்போவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதிரி ரயில், தண்டவாளம், சிக்னல் எல்லாம் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு 9503 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. கூரியரிலோ தபாலிலோ சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு 9804 என்ற வேறு தலைப்பு உண்டு, விகிதமும் வேறு. அது பட்ஜெட்டில் மாறக்கூடியது என்பதால் ஆர்டர் போடும் வாரத்தில் சுங்கத்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை வரிக்கு மேல் ஐஜிஎஸ்டியும் சேரும்.

வரி பொருளின் விலைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குத்தான் கணக்கிடுவார்கள். 100 பவுண்டு எஞ்சின், 20 பவுண்டு கூரியர் என்றால், காப்பீட்டைச் சேர்க்காமலே வரி 120 பவுண்டுக்கு. இதற்கு மேல் கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் வசூலிக்கும். சின்னச் சின்னதாகப் பல பார்சல் போட்டால் இந்தக் கட்டணம் ஒவ்வொரு முறையும் விழும். தண்டவாளம், பாயிண்ட், கன்ட்ரோலர், எஞ்சின் எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே பெட்டியில் வரவழைப்பதே மலிவு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிரிட்டனில் கடை விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கும். நாட்டுக்கு வெளியே அனுப்பும்போது கடைக்காரர் அதைக் கழித்து விற்கலாம். பல கடைகளில் இந்திய முகவரி கொடுத்ததும் விலை தானே குறையும். குறையவில்லை என்றால் பணம் கட்டுவதற்கு முன் எழுதிக் கேளுங்கள்.

கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஆதார் அல்லது பாஸ்போர்ட், பான் அட்டை, கடையின் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான வங்கி அல்லது கார்டு விவரம், பொருளின் பக்கத்தை அப்படியே எடுத்த ஒரு பிடிஎஃப். பெயரும் முகவரியும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே ஆர்டரிலும் இருக்கட்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், ஆர்டரில் வேறு இனிஷியல் என்றால் கேஒய்சி நிலையிலேயே பெட்டி நின்றுவிடும். கேஒய்சி கேட்டுவரும் மின்னஞ்சலுக்கு அன்றே பதில் அனுப்புங்கள். தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறலாம்.

அப்புறம் பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்று. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரச் சான்று கட்டாயம். அந்த ஆணை பேசுவது 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் விளையாடும் பொருளைப் பற்றி. நீங்கள் வாங்குவது 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அளவு மாதிரி என்று பெட்டியிலும் இன்வாய்ஸிலும் தெளிவாக இருப்பது நல்லது. எனக்கு வந்த ஒரு பெட்டியின் மேல் அனுப்பியவர் வெறும் 'டாய் டிரெயின்' என்று எழுதிவிட்டார். விளக்கம் கேட்டு அது பல நாள் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆர்டரிலும், 'வளர்ந்தவர் சேகரிப்புக்கான அளவு மாதிரி' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிக் குறிப்புப் போடுகிறேன்.

'கிஃப்ட்' என்று எழுதச் சொன்னால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2019 டிசம்பரில் அந்தச் சலுகை ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் தவிர எடுக்கப்பட்டுவிட்டது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். பெட்டி உடைந்து வந்தால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

எனாமல் வண்ணம், தின்னர், ஸ்ப்ரே டப்பா இவை சாதாரண விமானப் பார்சலில் ஏறாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியிலும் வைக்கச் சொல்லாதீர்கள். தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வண்ணத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

காலக்கணக்கு: கூரியரில் ஒன்றிரண்டு வாரம், தபாலில் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். பார்சல் வரும்வரை பலகை வேலையை முடித்துவிடுங்கள்.

5. பலகை

12 மி.மீ. ஒட்டுப்பலகை வாங்குங்கள். கடையில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று வாயால் சொல்வதை நம்பவேண்டாம். பலகையின் மேல் ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் மரைன் பிளை. ஐஎஸ் 303 பொது உபயோகப் பலகை. அதன் மலிவு ரகம் ஐப்பசி ஈரத்தில் வளைந்தால் தண்டவாள இணைப்பு தூக்கிக்கொள்ளும். முழு ஷீட் வேண்டாம், வெட்டு மிச்சம் கேளுங்கள். 120க்கு 30 துண்டு பல கடைகளில் மூலையில் கிடக்கும்.

கீழே 2 அங்குல உயரச் சட்டம் நான்கு பக்கமும், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். ஒயர் போக அந்த உயரம் வேண்டும். எல்லாப் பக்கமும், அடிப்பக்கமும் சேர்த்து, ஒரு கோட் பிரைமர் அடித்துவிடுங்கள். பலகையின் வெட்டு முனை வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும்.

6. தண்டவாளமும் மின்சாரமும்

பாயிண்டில் இரண்டு தண்டவாளமும் குறுக்கிடும் கூர்முனைக்கு ஃபிராக் என்று பெயர். அது பிளாஸ்டிக்காக இருந்தால் இன்சுல்ஃபிராக். குட்டி எஞ்சினின் நான்கு சக்கரமும் நெருக்கமாக இருப்பதால் அந்தப் பிளாஸ்டிக் மேல் ஏறியதும் மின்சாரம் அறுந்து நின்றுவிடும், ஒவ்வொரு முறையும் விரலால் தள்ளவேண்டும். ஆலை சைடிங் கட்டுபவர் எலெக்ட்ரோஃபிராக் அல்லது யூனிஃபிராக் வகையே வாங்கவேண்டும். சில நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

எலெக்ட்ரோஃபிராக் என்றால் ஃபிராக்கிலிருந்து வெளியே போகும் இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் இணைப்பான் போடுங்கள். அதைத் தாண்டி ஒவ்வொரு சைடிங்குக்கும் தனியாக ஒரு ஜோடி ஒயர் கொடுங்கள். பிளாஸ்டிக் இணைப்பானை விட்டுவிட்டு ஒயர் மட்டும் கொடுத்தால் பாயிண்டை மாற்றியதும் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் இணைப்பானே போடாமல், கழுத்துப் பாதையில் மட்டும் ஒரே ஜோடி ஒயர் கொடுத்தாலே இந்த அமைப்பு ஓடும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது சைடிங்குக்கு மின்சாரம் பாயிண்ட் நாக்கின் (பாதை மாற்ற நகரும் கூரான தண்டவாளத்தின்) தொடுகையை மட்டும் நம்பிப் போகும். அதில் ஒரு துளி வண்ணமோ பசையோ பட்டால் சைடிங் முழுக்கச் செத்துப்போகும். யூனிஃபிராக்கில் ஃபிராக்குக்கென்று ஓர் ஒயர் தனியாக வரும். பாயிண்டோடு சேர்ந்து நகரும் ஒரு சின்ன ஸ்விட்சில் அதை இணைத்துவிடுங்கள்.

சால்டரிங் செய்யும் இடத்தைச் சின்ன அரத்தால் பளபளவென்று தேய்த்து, தண்டவாளத்துக்கும் ஒயருக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, அப்புறம் சேர்த்து ஒரு தொடு தொடுங்கள். அயர்னை அழுத்தி வைத்துக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். இரு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்தால் சூடு பரவாது.

ஒவ்வொரு ஒயர் சேர்த்ததும் மல்டிமீட்டரை இரண்டு தண்டவாளத்திலும் வையுங்கள். கன்ட்ரோலரும் எஞ்சினும் இல்லாத நிலையில் பீப் சத்தம் வரக்கூடாது. வந்தால் கடைசியாகச் சேர்த்த ஒயரில்தான் கோளாறு. எல்லாம் முடிந்த பிறகு தேடினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

பிரிட்டிஷ் கன்ட்ரோலர் 230 வோல்ட்டில் ஓடும். நம் சுவரிலும் அதுவே. செவ்வகக் கம்பி பிளக்குக்கு ஓர் அடாப்டர் போதும்.

7. ஒரு மாதம் வெறுமனே ஓட்டுங்கள்

ஜல்லியும் வண்ணமும் இல்லாமல், வெறும் பலகையில் குறைந்தது ஒரு மாதம் ஷண்டிங் செய்து பாருங்கள். நடக்கும் வேகத்துக்கும் குறைவாக எஞ்சின் நகரவேண்டும். எந்த இணைப்பில் சக்கரம் குதிக்கிறது, எந்த வேகன் பாயிண்டில் தடம் இறங்குகிறது என்று பென்சிலால் பலகையிலேயே குறித்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.

கொக்கிகளையும் இப்போதே முடிவு செய்யவேண்டும். வேகனில் என்இஎம் பை (கொக்கி செருகுவதற்கான நிலையான அளவுக் குழி) இருந்தால் கேடி நிறுவனத்தின் கொக்கியை நேராகச் செருகலாம். 17 முதல் 20 வரை எண்ணிட்ட நான்கு நீளத்தில் வருகிறது. கழற்ற மூங்கில் குச்சியைச் சீவி இரண்டு கொக்கிக்கும் நடுவில் விட்டு லேசாகத் திருப்பினால் போதும்.

8. எஞ்சினுக்கு வண்ணம் மாற்றுதல்

எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று மனசுக்குத் திருப்தியானதும்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவேண்டும். அதற்கு முன் விற்பனையாளரின் உத்தரவாத விதியைப் படித்துவிடுங்கள். வண்ணம் மாற்றிய எஞ்சினைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

கழற்றுவது. ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களை வாரநாள் மாத்திரை டப்பாவில் வரிசையாகப் போடுங்கள். உடலைச் சேஸிஸிலிருந்து பிரித்து, கண்ணாடி, கைப்பிடிக் கம்பி, ஹாரன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மோட்டார் உள்ள பகுதியைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வேறு அறையில் வையுங்கள்.

பழைய வண்ணம். முழுக்க உரிக்கவேண்டிய தேவை எப்போதும் இல்லை. தொழிற்சாலை வண்ணம் மெல்லியதாக இருந்தால் எழுத்துகளை மட்டும் அழித்துவிட்டு, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்தால் போதும். எழுத்தை அழிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுப் பஞ்சைச் சுழற்றித் தேயுங்கள், அவசரப்படாமல். வண்ணம் தடிமனாக இருந்தால் 99 சதவீத ஆல்கஹாலில் உடலை ஊறவைத்து, சில மணி நேரம் கழித்துப் பழைய பல் பிரஷால் தேய்க்கலாம். முதலில் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். பாரிமுனையின் ரசாயனக் கடைகளில் லிட்டர் கணக்கில் கிடைக்கும். மருந்துக்கடை 70 சதவீதம் இந்த வேலைக்கு மெதுவு. என்சி தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி மூன்றும் கூடவே கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே சமையலறையில் இந்த வேலை வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, நிழலில் காயவைத்து, அதற்கு மேல் விரலால் தொடாமல் ஒரு குச்சி முனையில் மாட்டிப் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் உரியும்.

நாள் பார்ப்பது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, சென்னைக் காற்றில் ஸ்ப்ரே செய்தால் வார்னிஷ் பால்போல வெளுக்கும். ஜனவரியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம், அதுவும் காலைப் பத்து மணிக்கு மேல். கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் குடுவை இல்லாத மாடலை வாங்காதீர்கள். நம் கடலோரக் காற்றில் அது இல்லாவிட்டால் ஏர்பிரஷ் நடுவில் தண்ணீர்த் துளி துப்பும். அக்ரிலிக் ஆனாலும் ஆவி வடிகட்டும் ரெஸ்பிரேட்டர் போடுங்கள், துணி மாஸ்க் போதாது.

ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே டப்பாவை மாதிரி எஞ்சினில் நேராக அடிக்காதீர்கள். இரும்புக் கேட்டுக்கான வண்ணம் அது. தடிமனாக விழுந்து ஆணித்தலை, கதவு விளிம்பு எல்லாவற்றையும் மூடிவிடும். அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கையும் அரிக்கலாம்.

பிரைமரும் வண்ணமும். 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், 8 முதல் 10 செ.மீ. தூரம். முதலில் மெல்லிய பிரைமர். எஞ்சின் மஞ்சள் என்றால் வெள்ளைப் பிரைமர்தான், சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் அழுக்குப் பச்சையாகத் தெரியும். ஒரே கோட்டில் மூடப் பார்க்காமல், இடையிடையே காயவிட்டு நான்கைந்து மெல்லிய கோட் அடியுங்கள். டேப் ஒட்டுமுன் ஒரு முழு நாள் காயட்டும், ஈரக் காலத்தில் இரண்டு நாள்.

மஞ்சளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டு லேசர் பிரிண்டரால் வெள்ளை எழுத்து அச்சடிக்க முடியாது. கருப்பு எழுத்தை ஒளிபுகும் டிகால் தாளில் அச்சடித்தால் அது மஞ்சள் மேல்தான் பளிச்சென்று நிற்கும். ஆலைப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம் என்பது எனக்கு இதில் பெரிய சந்தோஷம். எந்தக் கடையிலும் தமிழ் எழுத்து டிகால் நான் பார்த்ததில்லை. எழுத்தின் உயரம் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அதற்குக் கீழே போனால் 'ஆ'வின் சுழியும் 'ழ'வின் வளைவும் மையில் அடைபட்டு வெறும் கரும்புள்ளி ஆகிவிடும்.

சாய்கோடுகள். எஞ்சினின் இரு முகப்பிலும் மஞ்சள்-கருப்புச் சாய்கோடு போட்டால்தான் ஆலை எஞ்சின் என்று பார்த்ததும் தெரியும். முகப்பு முழுக்க மஞ்சள் அடித்துக் காயவிட்டு, நடுவில் மெல்லிய பென்சில் கோடு போடுங்கள். 5 மி.மீ. அகல மாஸ்கிங் டேப்புகளை 45 டிகிரியில், நடுக்கோட்டிலிருந்து தொடங்கி, இடைவெளி விடாமல் ஒன்றை ஒன்று தொடும்படி வரிசையாக ஒட்டுங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றை உரித்தெடுங்கள். இடைவெளி தானாகச் சமமாக வந்துவிடும். மறு பாதியில் கோடுகள் எதிர்த்திசையில் சாய்ந்து நடுக்கோட்டில் வந்து சேரவேண்டும். அடுத்து, கருப்புக்கு முன் அதே மஞ்சளை இன்னொரு முறை மெல்லிதாக அடியுங்கள். டேப் விளிம்பில் இருக்கும் நுண்ணிய சந்துகளை மஞ்சள் அடைத்துவிடும், பிறகு அடிக்கும் கருப்பு உள்ளே கசியாது. கருப்பு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுக்க இறுகுமுன், டேப்பை மடித்தபடி மெதுவாக இழுங்கள்.

எழுத்து. டிகால் ஒட்டும் இடத்தில் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளையாகத் தெரியும். இங்க்ஜெட்டில் அச்சடித்தால் தண்ணீரில் போடுமுன் தாளின் மேல் தெளிவார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள், இல்லையென்றால் மை கரைந்துவிடும். எழுத்தை ஒட்ட வெட்டி, அரை நிமிடம் தண்ணீரில் வைத்து, மைக்ரோ செட் தடவிய இடத்தில் நழுவவிட்டு, பஞ்சால் ஒற்றுங்கள். மேலே மைக்ரோ சால் வைத்ததும் படலம் சுருங்கிக் கோணல்மாணலாகும். பதறித் தொடாதீர்கள், காயும்போது தானே படிந்துவிடும். ஓர் இரவு விட்டு மேட் வார்னிஷ் அடியுங்கள்.

சிமெண்ட் தூசி. நிஜ சிமெண்டைத் தூவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஈரம் பட்டு இறுகும், பல்சக்கரத்தில் புகுந்தால் அரைத்துத் தள்ளிவிடும். ஓவியக் கடையில் கிடைக்கும் சாஃப்ட் பேஸ்டல் குச்சியில் வெளிர்சாம்பலும் கொஞ்சம் பழுப்பும் எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்குங்கள். கூரை, பக்கவாட்டு நடைபலகை, பானட்டின் மேற்புறம் என்று தூசி தங்கும் இடத்தில் மட்டும் பிரஷால் தட்டிவிடுங்கள். செங்குத்துப் பக்கங்களில் மழை வடிந்த தடம்போல மேலிருந்து கீழாக ஒரு சில கோடு போதும். டிரைவர் கை வைக்கும் கதவுப்பிடியைச் சுற்றி தூசி வேண்டாம். அந்த இடம் தேய்ந்து பளபளப்பாகத்தான் இருக்கும். பொடி நிற்க மேலே இன்னொரு முறை மேட் வார்னிஷ் அடித்ததும் பொடி பாதி மறையும், அதனால் முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்.

இந்த வேலை மொத்தமும் ஒரு எஞ்சினுக்கு இரண்டு வாரம் எடுக்கும். கை வேலை சில மணி நேரம்தான், மற்றதெல்லாம் காயவிடும் நேரம். அவசரமாகச் செய்த எஞ்சின் பார்த்தாலே தெரிந்துவிடும்.

9. ஜல்லியும் கட்டடமும்

கிரஷர் தூசியை டீ வடிகட்டியில் சலித்தால் அருமையான ஜல்லி. போடுமுன் காகிதத்தில் பரப்பி, மேலே காந்தத்தை நகர்த்துங்கள். இரும்புத் துகள் இருந்தால் மோட்டார் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடற்கரை மணலில் இந்தக் கருப்புத் துகள் நிறைய. ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு, ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்து, குழந்தை மருந்து டிராப்பரால் விடுங்கள். பாயிண்ட் நாக்கு அருகே மட்டும் பசை வேண்டாம், அங்கே ஜல்லியே இல்லாமல் வண்ணம் பூசிவிட்டால் போதும்.

ஆலைக் கட்டடத்தை முழுதாகக் கட்ட இடம் இருக்காது. பின்பக்கச் சுவர், சுமார் 3 செ.மீ. ஆழத்தில், தடித்த அட்டையில் செய்து நிறுத்துங்கள். மெல்லிய நெளிந்த அட்டை நல்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரையாகும்.

10. பராமரிப்பு

தண்டவாளத்தை வாரம் ஒருமுறை ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். எமரி போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். எஞ்சினுக்குப் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு, அதுவும் சில மாதங்களுக்கு ஒருமுறை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுக்காகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் எஞ்சினை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வண்ணம் அடித்த உடலை நுரைப் பஞ்சில் நேராகப் பொதிய வேண்டாம்; மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி அப்புறம் வையுங்கள். புது வண்ணம் முழுக்க இறுக ஒரு மாதம் ஆகும், அதற்குள் பொதிந்தால் பஞ்சின் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும்.